ரொமுலோவின் சேவல் கொட்டகையில் இருந்த வைஃபை

ரொமுலோவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. வேலை கிடையாது. மனைவி விட்டுப் போய்விட்டாள். சண்டைச் சேவல்கள் மட்டும் நிறைய உண்டு. படுத்த படுக்கையாகிவிட்ட அவன் அம்மா கொன்சிங்கைப் பார்த்துக்கொள்ளத்தான் இலோயிலோவில் இருந்த அந்த வீட்டுக்குப் போனேன். சேவலுக்கு அவித்த முட்டை ஊட்டிய விரலை அரைக்கால் சட்டையில் துடைத்துவிட்டு, அதே விரலால் அம்மாவின் கஞ்சியில் உப்புப் பார்ப்பான்.

கொன்சிங் கஞ்சி விழுங்க வேண்டுமென்றால், இத்தாலியில் இருக்கும் மகள் மாரிவிக் வீடியோ காலில் வந்து "வாயைத் திறம்மா" என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் பல்லைக் கடித்துக்கொள்வாள். சில வாரங்களாக மகளின் முகம் திரையில் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே உறைந்துவிடும். கிழவியின் கன்ன எலும்பு துருத்திவிட்டது. இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

"வைஃபை வீக்கா இருக்குக்கா. கம்பெனிக்காரன் ஏமாத்துறான். மாரிவிக்கைப் புது ரௌட்டர் வாங்கித் தரச் சொல்லு," என்றான் ரொமுலோ, பல்லைக் குத்தியபடி.

மூக்கில் போட்ட உணவுக் குழாய் அடைத்தால் நோயாளியைத் திட்டுவதில்லை; தொடக்கத்திலிருந்து குழாயைத் தடவிப் பார்ப்போம். நான் படித்தது அந்த வேலை. தெருக் கம்பத்திலிருந்து வந்த கம்பி, கூடத்தில் இருந்த மோடத்தில் முடிந்தது. இணையத்தை வெளியிலிருந்து வீட்டுக்குள் வாங்குவது மோடம். அதை அலையாக வீடெங்கும் பரப்புவது ரௌட்டர். அந்த ரௌட்டரைக் காணவில்லை. மோடத்திலிருந்து ஒரு நீளக் கம்பி பின்கதவு வழியே போயிற்று. நானும் போனேன்.

சேவல் கொட்டகை. தகரக் கூரை, சுற்றிலும் இரும்பு வலை, பூட்டு. உள்ளே பலகையில் ரௌட்டர். பெட்டி சூடாக இருந்ததால் சேவல் ஒன்று அதன்மேல் சுகமாகக் குந்தியிருந்தது. காற்றுத் துளைகளில் எச்சம் வழிந்து காய்ந்திருந்தது.

"இத ஏண்டா இங்க வச்ச?"

"தீனி போட்டுக்கிட்டே போன்ல சேவச்சண்டை பாக்கணும்ல? வலைக்குள்ள இருந்தா திருடனும் தொட மாட்டான்."

"இரும்பு வலையும் தகரமும் சுத்தி அடைச்சா அலை எப்படிடா வெளிய வரும்?"

"உனக்கென்ன தெரியும்? குண்டி கழுவ வந்தவ."

"நான் கழுவுற குண்டி உன் மூஞ்சியவிடச் சுத்தம். சாவியக் குடு."

பூட்டைத் திறந்து, கையுறை போட்டு ரௌட்டரை எடுத்தேன். தட்டினால் கரப்பான்கள் உதிர்ந்தன. ஸ்பிரிட்டால் துடைத்து, நீளக் கம்பியைத் திருப்பி இழுத்து, கொன்சிங்கின் அலமாரி மேல் வைத்தேன். அமைப்பைத் திறக்கும் கடவுச்சொல் பெட்டியின் அடியில், எச்சத்துக்குள் இருந்தது. சுரண்டிப் படித்தேன். 'சாம்பியன் ரொமுலோ' என்றிருந்த வைஃபையின் பெயரை 'கொன்சிங்' என்று மாற்றினேன். அதில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவாகப் போகும், ஆனால் சுவர் தாண்டும். 5 வேகமாகப் போகும், கனத்த சுவரைத் தாண்டத் திணறும். கிழவியின் அறைக்குச் சிமெண்டுச் சுவர். 2.4-ஐ அணைத்துவிட்டேன்.

சாயங்காலம் மாரிவிக்கின் முகம் மூக்குத் துளை தெரியுமளவுக்குத் தெளிவாக வந்தது. "வாயைத் திறம்மா." கொன்சிங் திறந்தாள். கிண்ணம் பாதி காலி.

அதற்குள் ரொமுலோ போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வந்தான். "அக்கா, கொட்டகைல ஒண்ணுமே வரல!"

"இந்த ரூம்ல மட்டுந்தான் வரும். காலைக் கழுவிட்டு வந்து உக்காரு."

கட்டிலருகே உட்கார்ந்து சேவல் சண்டையைத் திறந்தான்.

"பின்னாடி யாரும்மா?" என்றாள் மாரிவிக்.

கொன்சிங் மூக்கைச் சுருக்கினாள். "தெரியல. கோழிப்பீ நாத்தம் அடிக்குது."

அவன் காலைக் கழுவியிருக்கவில்லை. மீதிக் கஞ்சியை அவன் விரல் படாமல் தட்டால் மூடி மூடி ஊட்டினேன்.