பின்வாசல் படியிலிருந்து

அறுபதுகளின் நடுவில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தேன். பிளாஸ்டர் அச்சு வார்க்கும் பிரிவு. வாரத்தில் ஆறு நாள் கையெல்லாம் வெள்ளையாக இருக்கும். ஏழாவது நாள் கேமரா.

மேலிருந்து குனிந்து பார்க்கிற இரட்டைக் கண் கேமரா அது. பழையதாக வாங்கினேன். ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மணிமுத்தாற்று மணலிலும் வெள்ளாற்றங்கரையிலும் அலைவேன். ஆட்களை அதிகம் எடுக்க மாட்டேன், இடங்கள்தான். ஆனால் அழகு என்று நான் அறிந்திருந்ததெல்லாம் மளிகைக் கடைக் காலண்டரில் பார்த்ததுதான். ஓரத்தில் ஒரு பனை, நடுவில் தண்ணீர், மேலே மேகம். மேகம் இல்லாத நாளில் ஒரு படம்கூட எடுக்காமல் திரும்பியிருக்கிறேன். கடைத்தெரு ஸ்டுடியோக்காரர் என் படம் ஒன்றை வாசல் கண்ணாடிக்குள் மாட்டி வைத்த பிறகு தலைக்கனமும் கொஞ்சம் ஏறியிருந்தது.

பட்டறையில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் ஸ்ரீமுஷ்ணம் போகும் வழியில் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவார். நண்பர். அவர் மனைவிக்குக் காசநோய் என்று தெரிந்து புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மாதக்கணக்கில் இருக்க வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. குழந்தைகள் இரண்டையும் நண்பரின் தங்கை வந்திருந்து பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் டீ குடிக்கும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒரு ஒத்தாசை பண்ணணுங்க. எங்க ஊர ஒரு படம் புடிச்சுத் தர முடியுங்களா? அவளுக்குக் காட்டணும்."

"புள்ளைங்களயும் சேத்து எடுத்துடலாமே?"

"அது வேணாங்க. புள்ளைங்க படம் ஒண்ணு குடுத்தேன். பாத்தா அழுவாச்சி வருதுன்னு தலகாணிக்கு அடியில வச்சிட்டா. வூட்டுப் பக்கம், வயலு, அப்பிடி எதனா போதும்னு சொல்றா."

அடுத்த ஞாயிறே போனேன். கார்த்திகை மாதம், ஏரி நிரம்பியிருந்தது. நண்பர் தன் வீட்டுப் பக்கம் கூப்பிட்டார். நான் ஏரிக்கரைக்கு ஏறிவிட்டேன். எனக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருந்தது. மேகம் சரியான இடத்துக்கு வரும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். பனைமரத்தின் பிம்பம் தண்ணீரில் தலைகீழாக விழுந்திருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அட்டையில் ஒட்டி, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று நண்பருடன் புதுச்சேரிக்குப் புறப்பட்டேன். பாராட்டை நேரில் கேட்க ஆசை, வேறென்ன.

நீளமான கூடத்தில் ஜன்னலோரக் கட்டில். அந்த அம்மா மெலிந்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படத்தை வாங்கி நன்றாகப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுண்ணே. காலண்டர் மாதிரி இருக்குது."

எனக்குப் பூரிப்பு. சற்றுப் பொறுத்து அவர் கேட்டார்.

"இது எந்த ஊருண்ணே?"

நண்பர் பதறிப்போய், "நம்ம ஏரிதான் புள்ள," என்றார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து வருந்தினார். "ஏரிக்கரை மேல நான் போனதில்லண்ணே. அதான் தெரியல. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். மேகத்துக்காக நான் நின்ற நேரம் இவருக்கு எங்கே தெரியும் என்று உள்ளே பொருமினேன். ஆனாலும் மரியாதைக்கு, "நீங்க எதப் பாக்கணும்னு நெனச்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் கட்டில் விரிப்பில் விரலால் கோடு போட்டார். "தோ, இது எங்க வூட்டுப் பின்வாசலு. ரெண்டு படி. கீழ்ப்படியில குந்திக்கினுதான் பாத்திரம் தேய்ப்பேன். இந்தாண்ட வைக்கப்போரு. அந்தாண்ட முருங்க. நடுவுல வாய்க்காலு, தாண்டறதுக்குப் பனங்கட்ட போட்டிருக்கும். அதுக்கு அப்பால நம்ம வயலு. வயலுக்கு அந்தப் பக்கம் பதினோரு மணி பஸ்ஸு போவும். பஸ்ஸு தெரியாதுண்ணே, மேல இருக்கற மூட்ட மட்டும் பயிரு மேல நகந்து போறாப்புல இருக்கும்."

சொல்லும்போது அவர் கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. திரும்பும் பஸ்ஸில் விழுப்புரம் வரை கோபம் இருந்தது. அதற்குப் பிறகு அந்த மூட்டைகள்தான் மனதில் நகர்ந்துகொண்டிருந்தன.

அவர்கள் ஊருக்கு மறுபடி போனேன். பதினோரு மணி வெயில் படம் எடுக்க உதவாத வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பின்வாசலில் நின்று கேமராவின் மேல்மூடியைத் திறந்தேன். நண்பரின் தங்கை அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, "அண்ணி அவ்ளோ ஒசரத்துலேருந்து பாக்க மாட்டாங்க, குந்துங்க," என்றாள்.

கீழ்ப்படியில் உட்கார்ந்து கேமராவை மடியில் வைத்துக் குனிந்தேன். வைக்கோல்போர் இடப்பக்கம் பாதியை அடைத்துக்கொண்டது. முன்னால் சேறும் சாம்பலும். வழக்கமாக நான் எழுந்து நாலடி தள்ளிப்போய் எடுத்திருப்பேன். அன்று அசையவில்லை. வாய்க்காலில் பனங்கட்டைக்குப் பதில் புதுப்பலகை கிடந்தது. பஸ் சத்தம் கேட்டது. பச்சைப் பயிரின் மேல் இரண்டு மூட்டையும் ஒரு சைக்கிளும் மெதுவாக ஊர்ந்தன. எடுத்தேன்.

அடுத்த முறை புதுச்சேரியில் படத்தைக் கையில் வாங்கியதும் அந்த அம்மா ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். முகத்துக்கு அருகே கொண்டுபோனார். பிறகு கணவரிடம் திரும்பினார்.

"என்னாங்க இது, வைக்கல ஒரே பக்கமா உருவியிருக்குது? மழ பேஞ்சா போரு சாஞ்சிடாதா? சுத்திச் சுத்தி உருவணும்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்."

"பனங்கட்ட எங்க?"

"உளுத்துப் போயி ஒடிஞ்சிடுச்சி. பலகை போட்டேன்."

"எப்பிடி ஒடிஞ்சிது?"

நண்பர் தலையைச் சொறிந்தார். "நான்தான் நடுவுல நின்னேன்."

அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரித்தார். நாங்கள் கிளம்பும்வரை முருங்கையை வெட்ட வேண்டும், வாய்க்கால் கரைக்கு மண் அணைக்க வேண்டும் என்று உத்தரவுகள் வந்துகொண்டே இருந்தன. அந்தப் படம் தலையணைக்கு அடியில் போகவில்லை. ஜன்னல் கம்பியில் செருகி வைத்தார். சித்திரையில் உடம்பு தேறி ஊர் திரும்பினார்.

அதன் பிறகு எனக்குப் பழைய மாதிரி எடுக்க வரவில்லை. கேமராவைத் திறக்கும் முன் அந்த இடத்தில் புழங்குகிறவர் யாராவது இருக்கிறார்களா என்று தேடுவேன். எங்கே நிற்பீர்கள், எந்நேரம் என்று கேட்பேன். சேத்தியாத்தோப்பில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களோடு காத்திருந்து எதிர்ப்பக்கத்து வயலை எடுத்தேன். பெண்ணாடத்தில் கரும்பு வண்டிக்காரர் ஒருவர் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். படத்தில் பாதி மாட்டின் திமில், மீதி ரோடு. ஸ்டுடியோக்காரர் அதைப் பார்த்து, "என்னாங்க ஆச்சு உங்களுக்கு, நல்லா எடுத்துக்கினு இருந்தீங்களே," என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பட்டறை முற்றத்தில் பீங்கானுக்கான வெள்ளைக் களிமண் குவியல்களை எடுக்கப் போனேன். நண்பகல் வெயிலில் வெள்ளை மலை போல இருந்தன. மண் சுமக்கும் அம்மா ஒருவரிடம் எங்கிருந்து பார்ப்பீர்கள் என்று கேட்டேன்.

"அத யாருங்க பாப்பாங்க? கண்ணு கூசும். நாங்க முதுகத் திருப்பிக்கினு அந்தாண்டதான் பாத்துக்கினு குந்தியிருப்போம்."

அவர் காட்டிய சுவர் நிழலில் போய் உட்கார்ந்தேன். கம்பிவேலிக்கு அப்பால் தண்டவாளம், அதற்கப்பால் உழுது போட்ட செம்மண் காடு. அவர்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்கள். நான் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.