டின்னுக்குள் அடித்த மணி

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா தன் போனைக் கொண்டுபோய் அடுக்களையில் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடிவிடுவாள். மூடியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். ஒன்பது வருடத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கோடு போட்ட நோட்டோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அக்காவுக்கு லாரிகளை எடை போடும் மேடையில் வேலை. வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எல்லாச் சக்கரமும் மேடையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பாள். ஒரு சக்கரம் ஒரு சாண் வெளியே நின்றாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் முப்பது பேர் ஓட்டும் கார் பந்தயத்துக்கு அவள்தான் தலைமை நடுவர்.

அது கம்ப்யூட்டர் பந்தயம். அவரவர் வீட்டில், நாற்காலிக்கு முன்னால் ஸ்டியரிங்கும் காலடியில் பெடலும் பொருத்திக்கொண்டு ஓட்டுவார்கள். கார்கள் மட்டும் இணையத்தில் ஒரே பாதையில் சேர்ந்து ஓடும். நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அக்காவும் முதலில் வேடிக்கை பார்க்கப் போனவள்தான். யாருக்கோ தப்பாகத் தண்டனை கொடுத்துவிட்டார்கள் என்று, எந்த நொடியில் யார் சக்கரம் யார்மேல் பட்டது என்பதுவரை எழுதி அனுப்பினாள். “இவ்வளவு கண்ணு இருந்தா நீங்களே வந்து பாருங்கம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

டின் வந்த கதை வேறு. முதல் வருடம் பந்தயத்துக்கு நடுவில் ஒருவர் போன் செய்து கத்தினார். அக்கா மனம் இளகி, கொடுத்த தண்டனையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அதில் சண்டை முற்றிப் பாதிப் பேர் விலகிப் போனார்கள். அப்போது போட்ட விதி இது: பந்தயம் ஓடும்போது ஓட்டுகிறவர்களின் மைக்கை அடைத்துவிட வேண்டும். நடுவர் யாருடைய போனையும் எடுக்கக் கூடாது. என்ன நடந்தாலும் குறித்து மட்டும் வைத்துக்கொண்டு, மறுநாள் சூடு ஆறிய பிறகு பதிவைப் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். விதியை எழுதியவள் அக்கா. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

என் வேலை, சுற்றுக்குச் சுற்று கார்களின் எண்களை வரிசையாக எழுதுவது. ஏழாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு அது போதும். மைக்கில் நான் பேசியதே இல்லை. முகம் தெரியாத முப்பது பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அன்றும் அக்கா ஆஜர் கூப்பிட்டாள். இருபத்தேழாம் எண்காரர் வழக்கம்போலக் கொட்டாவியோடு “ஆஜர்” என்றார். அந்தக் கொட்டாவியால்தான் அவருக்கு அரைத்தூக்கம் என்று பெயர். எப்போதும் கடைசியில்தான் வருவார். யாரையும் இடித்ததில்லை.

“யோவ் அரைத்தூக்கம், இன்னிக்காவது கண்ணத் தொறந்து ஓட்டுவியா?” என்றார் துணை நடுவர். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், வேறு ஊரிலிருந்து மைக்கில் சேர்ந்துகொள்வார்.

“கடைசி எடத்த நான் யாருக்கும் விட்டுக் குடுக்கறதில்ல சார்.”

“போதும், மைக்க அடைக்கிறேன்” என்றாள் அக்கா.

திரையில் வெளிச்சம் அடிக்காமலிருக்க ஜன்னல் திரைச்சீலைகளை இழுத்து விட்டிருந்தோம். வெளியே நல்ல வெயில். கீழே யாரோ மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பதினோராவது சுற்றில் இருபத்தேழாம் எண் கார் வளைவில் திரும்பவில்லை. வழுக்கவில்லை, பிரேக்கும் போடவில்லை. தெரிந்தவர் வீட்டு வாசலுக்குப் போவதுபோல மெதுவாக நேரே போய் ஓரத்துச் சுவரில் முட்டி நின்றது. நின்ற பிறகும் பின்சக்கரங்கள் சுற்றிக்கொண்டேயிருந்தன.

“முழுத்தூக்கமே போட்டுட்டான்யா!” என்றார் மருந்துக்கடைக்காரர். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

“ஓரமாத்தான் நிக்குது. யாருக்கும் எடஞ்சல் இல்ல. நாளைக்குப் பாத்துக்கலாம்.” அக்கா தன் தாளில் எழுதினாள்: இருபத்தேழு, பாதையை விட்டு விலகல், காரணம் கேட்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் டின்னுக்குள் மணி அடித்தது. மூடிய டின்னில் அந்தச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது. அதிர்வில் டின் அடுக்களை மேடையில் நகர்வதுகூடக் கேட்டது.

“அக்கா, போன்.”

“அடிக்கட்டும்டி. நீ நம்பரப் பாரு.”

நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மூன்றாவது தடவை பாதியிலேயே அறுந்துபோயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் மற்ற கார்கள் அந்த வளைவைக் கடக்கும்போது, மூலையில் அந்தக் கார் சுவரை முட்டியபடி நடுங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

பந்தயம் முடிந்ததும் எல்லோரும் வெளியேறத் தொடங்கினார்கள். வெளியேறுகிற காரெல்லாம் திரையிலிருந்து மறைந்துவிடும். பாதை காலியாயிற்று. ஒரு கார் மட்டும் மறையவில்லை.

“இருபத்தேழு, முடிஞ்சுது. வெளிய வாங்க.”

கார் அப்படியே நின்றது. அக்கா அவருடைய மைக்கைத் திறந்துவிட்டாள்.

அந்தக் காரின் உறுமல் எங்கள் கம்ப்யூட்டரில் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதே உறுமல் அவருடைய அறையிலிருந்தும் வந்தது, அரை நொடி பிந்தி. ஒரே கார் இரண்டு முறை உறுமியது. அக்கா எங்கள் கம்ப்யூட்டரில் கார்ச் சத்தத்தை மட்டும் குறைத்தாள். அவருடைய அறை மட்டும் மிச்சம் இருந்தது. உறுமலுக்கு அடியில் வேறொன்று இருந்தது. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

“கொறட்டைங்க அது! நான் சொல்லல?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

மைக்கை நான் எப்போது இழுத்தேன் என்று தெரியவில்லை. “அது கொறட்ட இல்லீங்க. எங்கப்பாவுக்குக் கடைசி நாள்ல இப்படித்தான் கேட்டுச்சு.”

“யாரு பேசுறது?” என்றார் அவர், குரல் மாறி.

“என் தங்கச்சி” என்று சொல்லிக்கொண்டே அக்கா அடுக்களைக்கு ஓடினாள். டின்னைத் திறந்தாள். மூன்று அழைப்பும் அவருடையவை. அக்கா திருப்பி அடித்தாள். அடுத்த நொடி அவருடைய போன் எங்கள் ஸ்பீக்கரில் மணி அடித்தது. அவர் வீட்டு மணி எங்கள் அறைக்குள் அடித்துக்கொண்டேயிருந்தது. யாரும் எடுக்கவில்லை. மூச்சு இழுத்தது, நின்றது.

“எந்த ஊருங்க அவன்? வீடு எங்க?” என்றார் மருந்துக்கடைக்காரர். “ஆம்புலன்சுக்குச் சொன்னாலும் எங்க போறதுன்னு கேப்பாங்களே!”

அக்கா என்னைப் பார்த்தாள். பெயர் கொடுக்கும் படிவத்தில் என்ன ஸ்டியரிங், இணையம் என்ன வேகம், காருக்கு என்ன நிறம் என்றெல்லாம் கேட்டிருந்தோம். வீடு எங்கே, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டதேயில்லை.

“கதவுல அவர் மச்சான் கட நம்பர் எழுதியிருக்கும்க்கா” என்றேன். அரைத்தூக்கம் விளையாட்டாகத் தன் கார் கதவில் ‘இங்கே பஞ்சர் ஒட்டப்படும்’ என்று போட்டுக் கீழே ஒரு போன் எண்ணும் எழுதியிருந்தார். நிஜமாகவே பஞ்சர் கடை வைத்திருக்கும் தன் மச்சானின் எண் அது என்று ஒருமுறை ஆஜரின்போது சொல்லியிருக்கிறார். வாராவாரம் அது கடந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கதவுதான் சுவரோடு ஒட்டி நின்றது. அக்கா பதிவைப் பின்னால் ஓட்டிப் பத்தாவது சுற்றில் நிறுத்தினாள். காரைச் சுற்றிக் கொண்டுவந்து கதவைப் பெரிதாக்கினாள். ஏழாவது இலக்கம் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. அக்கா போனை என் கையில் கொடுத்தாள். நான்தான் அடித்தேன். ஒன்று போட்டதும் யாரோ ஒரு அம்மா எடுத்தார். ஏழு போட்டேன்.

“பஞ்சர் கடைங்களா?”

“ஆமாம்மா. வண்டி எங்க நிக்குது?”

“சொவத்துல முட்டி நிக்குது” என்றுவிட்டேன். “இல்ல, வண்டி இல்லீங்க. உங்க மச்சான் வீட்ல தனியா இருக்காரா?”

“ஆமா, எங்கக்கா ஊருக்குப் போயிருக்கு. நீங்க யாரு?”

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் போனை வைக்கக்கூட இல்லை. ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது.

பதினெட்டு நிமிடம் நாங்கள் அந்த அறையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூச்சு நிற்கும்போதெல்லாம் அக்கா என் மணிக்கட்டைப் பிடிப்பாள், இழுத்ததும் விடுவாள். பிறகு கதவு இடிபட்டது. “மச்சான்! டேய், மச்சான்!” நாற்காலி உருண்டது. யாரோ அவருடைய காலைப் பெடலிலிருந்து தூக்கியிருக்க வேண்டும். உறுமல் நின்றது. எங்கள் திரையில் சக்கரங்கள் நின்றன.

மூளையில் ரத்தம் கட்டியிருந்ததாம். பிழைத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் வலது கை தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

“நீங்க விதிப்படிதானேம்மா செஞ்சீங்க?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“அதான் சார்” என்றாள் அக்கா.

இரண்டு மாதம் கழித்து அரைத்தூக்கமே போன் செய்தார். சொல் சொல்லாகத்தான் வந்தது. அன்று மதியம் இணையம் சரியா என்று அக்காவிடம் போனில் கேட்டிருந்தார். அதனால் கடைசியாகப் பேசிய எண் அக்காவுடையது. இடது கட்டைவிரலால் அதை மட்டும்தான் அமுக்க முடிந்ததாம். “மணி... அடிச்சுது. எடுப்பீங்கன்னு... எண்ணிக்கிட்டே இருந்தேன்.”

“எனக்கும் கேட்டுச்சுங்க” என்றாள் அக்கா. அன்று எழுதிய தாளை அவள் கிழிக்கவில்லை. ‘காரணம் கேட்க வேண்டும்’ என்ற வரியோடு அது இன்னும் அவள் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பெயர் கொடுக்கும் படிவத்தில் இப்போது வீட்டு விலாசமும், ஓடி வரக்கூடிய ஒருவரின் எண்ணும் கேட்கிறோம். கார் நின்றுவிட்டால் அந்த நொடியே மைக்கைத் திறக்கிறோம். அரைத்தூக்கம் ஓட்டுவதில்லை. ஆனாலும் பெயரை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஞாயிறுதோறும் அவருடைய மைக் திறந்திருக்கும், மின்விசிறிச் சத்தம் வரும். “இருபத்தேழு?” என்று கேட்டுவிட்டு அக்கா காத்திருப்பாள். சில நேரம் அரை நிமிடம்கூட ஆகும். யாரும் சிரிப்பதில்லை. பிறகு “ஆஜர்” வரும்.

பிஸ்கட் டின் அடுக்களையில் காலியாக இருக்கிறது. போன் மேசைமேல், என் நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடித்தால் எடுப்பது என் வேலை.