நான் செய்த போர்ட்

என் போர்டை உடைத்தவர் வாப்பாதான். அதுவும் ஊருக்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்த அதே வாப்பா.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மோட்டாரைப் போட்டுவிட்டு உம்மா மறந்துவிடுவார், எங்கள் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வளவை நனைக்கும், சண்டை வரும். தொட்டி நிரம்பியதும் கத்துகிற ஒரு மணி செய்வதென்று முடிவெடுத்தேன். ரேடியோ திருத்தும் சாச்சா, செம்புத் தகடு ஒட்டிய சிறு பலகை இரண்டும், போத்தலில் கொஞ்சம் ஃபெரிக் குளோரைட்டும் தந்தார். அழியாத மைப் பேனையால் கோடு கீறி அந்தக் கபில நிற மருந்தில் பலகையை அமிழ்த்தினால், மை படாத செம்பெல்லாம் கரைந்துவிடும். மிஞ்சுகிற கோடுகள்தான் மின்சாரம் ஓடும் வழி; அந்தப் பலகைதான் போர்ட்.

முதல் பலகையை ஊறவிட்டு மறந்துபோய்க் கோடுகளையும் சேர்த்துக் கரைத்தேன். இரண்டாவது சரிவந்தது. துளையிட்டு, ஈயம் உருக்கிப் பற்றவைத்து, பற்றரியைக் கொடுத்தபோது கீச்சென்று கத்தியது. குசினித் தரையில் மருந்து சிந்திய கறைக்காக உம்மாவும் கத்தினார். வாப்பாவோ கண்டவர்களையெல்லாம் கூட்டிவந்து, தொட்டியை நிரப்பி, மணியைக் கேட்கவைத்தார்.

பிறகு நாட்டில் குண்டுகள் வெடித்தன. எங்கள் பக்கத்தில் வீடு வீடாகச் சோதனை தொடங்கியது. வயர், பற்றரி, மருந்து என்று எது அகப்பட்டாலும் குண்டு செய்கிறவரென்று ஆளைப் பிடித்துப்போனார்கள். ஒரு காலை வாப்பா ஏணி வைத்து ஏறி மணியைக் கழற்றினார். கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்.

“நீங்கதானே வாப்பா எல்லாருக்கும் காட்டின!”

“கத்தாத மகள். வேற என்னெல்லாம் வச்சிரிக்காய்?”

“களவெடுத்தா வச்சிரிக்கன்? எல்லாம் நான் செஞ்சது!”

வாப்பா கல்லடியில் குனிந்து பொறுக்கினார். துண்டுகள், வயர்கள், மருந்துப் போத்தல் எல்லாம் மலசலகூடக் குழிக்குள் போயின. அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் நான்கு ஆமிக்காரர்கள் துப்பாக்கிகளோடு ஜீப்பில் வந்தார்கள். அலுமாரி, அரிசி வாளி எல்லாம் கிளறினார்கள். மீசைகூடச் சரியாக முளைக்காத ஒருவன் குசினிக் கறையைச் சப்பாத்து நுனியால் காட்டி, “இது என்ன?” என்றான்.

“சாயம் சேர். சும்மா சாயம்,” என்றார் வாப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடைத்ததும் போதாமல், நான் செய்ததே இல்லை என்கிறாரே!

“சாயமில்ல. நான் போட் செஞ்ச மருந்து,” என்றேன்.

அவன் திரும்பினான். “போட்?”

வாப்பா சிரித்தார். அப்படியொரு சிரிப்பை அவரிடம் நான் கேட்டதே இல்லை. “கெரம் போட் சேர். புள்ள கெரம் போட்டுக்கு அடிச்ச சாயம்.”

அவன் விரலால் காற்றில் காயொன்றைச் சுண்டிக் காட்டிவிட்டு, மற்றவர்களோடு வெளியேறினான்.

பிள்ளை செய்த தண்ணீர் மணியை ஒரு தகப்பன் குழியில் போட வேண்டியிருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஆனால் அன்று எரிந்தது அதற்காக அல்ல, வாப்பா சொன்ன பொய்க்காக.

ஜீப் போன பிறகு வாப்பா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். உம்மா கொடுத்த தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் அவருடைய கை நடுங்கியது. தண்ணீர் அவர் உடுத்திருந்த சாரத்தில் சிந்தியது. பொய் சொன்ன வெட்கத்தில்தான் நடுங்குகிறது என்று நினைத்தேன். நல்லா நடுங்கட்டும் என்றும் நினைத்தேன்.