பரமசிவத்தின் காரில் கருகல் வாசம்

என் வீட்டுக்காரர் பரமசிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் காரிலிருந்துதான் தொடங்க வேண்டும். ரயில்வே சிக்னல் பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். லேக் கார்டன்ஸில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே நிற்கிற பதினோரு வயசுக் கார்தான் இப்போது அவருக்கு ஆபீஸ். காலையில் துடைப்பார், சாயந்திரம் என்னை ஏற்றிக்கொண்டு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றுவார். அதைப் பிடுங்கிவிட்டால் மனுஷன் மூலையில் உட்கார்ந்துவிடுவார். இது எனக்குத் தெரியும், எங்கள் மகள் மாதங்கிக்குத்தான் தெரியவில்லை. "அப்பாவுக்கு எழுபது ஆகப் போகுது. இன்னொரு தடவை வண்டி மக்கர் பண்ணுச்சுன்னா வித்துடுவேன்" என்று ஊரின் மறுகோடியில் இருக்கிற சால்ட் லேக்கிலிருந்து ஃபோனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் கார் கருகல் நாற்றம் அடிக்க ஆரம்பித்தது.

குற்றவாளி நான்தான் என்று நினைத்தேன். மழைக்காலத்தில் பெருச்சாளி எஞ்சினுக்குள் புகுந்து வயரைக் கடித்திருந்தது. அதை விரட்ட, கட்டிப் பெருங்காயத்தைத் துணியில் முடிந்து, அவர் தண்ணீர் எடுக்க மாடிக்குப் போன நேரமாகப் பார்த்து பேட்டரிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். அதுதான் சூட்டில் கருகுகிறது, சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிற்று. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்காகப் பொறுத்துப் போகிறாராக்கும், என்ன தங்கமான மனுஷன் என்று உருகிப்போனேன். என் அறிவைக் கொண்டுபோய் அடுப்பில் போட!

ஞாயிற்றுக்கிழமை மாதங்கி வந்தாள். மூவரும் பக்கத்து டாக்குரியா வரை போய்த் திரும்பினோம். வாசலில் வண்டி நின்றதும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இஷ்! என்னப்பா இப்படிக் கருகுது? உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியாம என்ன? ரப்பர் வாடைதான். பெல்ட்டா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் பானெட்டைத் திறந்தார். துழாவியதில் என் முடிச்சு அகப்பட்டுவிட்டது. வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு நூல்கூடக் கருகவில்லை. அவர் அதை அவிழ்த்து, முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"யாரு இங்க வெல்லத்தை வெச்சது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வீடு தள்ளி மணக்கிற பெருங்காயம் அது.

"என்னங்க, உங்களுக்கு வாசனை தெரியலையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தக் கொரோனா ஜுரத்தோட போச்சு நீலா. திரும்பி வரவே இல்ல."

இத்தனை வருஷமாக என் ரசத்தை முகர்ந்து 'ஆஹா' போட்ட மனுஷன்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வண்டிக்காக எங்கிட்டயே மறைச்சீங்களா?"

"வண்டிக்காக இல்ல. எனக்கு ஒண்ணுமே மணக்கலைன்னு தெரிஞ்சா, நீ யாருக்காகப் பார்த்துப் பார்த்துச் சமைப்பே?"

கோபம் போன இடம் தெரியவில்லை. மாதங்கி கையை நீட்டினாள். "கருகறதே தெரியாதவர் கையில வண்டியா? சாவியைக் குடுங்கப்பா." அவர் சாவியை ஒரு தடவை துடைத்துக் கொடுத்தார். என்னால் பார்க்க முடியவில்லை.

"இருடி. அவருக்கு மூக்கு போனா என்ன, எனக்கு இருக்குல்ல? முதல்ல எது கருகுதுன்னு பார்ப்போம்" என்றேன்.

"எப்படி இருக்குன்னு சொல்லு" என்றார் அவர். "தித்திப்பா இருந்தா ரேடியேட்டர் தண்ணி. செருப்பை எரிச்ச மாதிரி இருந்தா பெல்ட்."

குனிந்து முகர்ந்தேன். "அப்பளம் பொரிச்ச எண்ணெயை அடுப்புலயே மறந்துட்ட மாதிரி இருக்கு."

"அப்ப ஆயில்தான்!" அவர் முகத்தில் களை வந்துவிட்டது. டார்ச் அடித்துக் காட்டினார். எஞ்சினின் மேல்மூடி ஓரமாக ஆயில் கசிந்து, கீழே சூடான புகைக்குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது. மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர் கேஸ்கெட் காய்ந்து வெடித்துவிட்டதாம். மாதங்கியே ஆட்டோ பிடித்துப் போய்ப் புதிது வாங்கி வந்தாள். எஞ்சின் ஆறியதும் மூடியைக் கழற்றி, விளிம்பைத் துடைத்து, கேஸ்கெட்டைப் பொருத்தி, போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்.

மாதங்கி ஏரியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். ஃபோன் வந்ததால் கேட்டுக்கு அப்பால் போய் நின்றாள். அவர் பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"போயிடுச்சா நீலா?"

குனிந்து முகர்ந்தேன். வாடை லேசாக இருந்தது. 'போயிடுச்சு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எனக்காக இத்தனை வருஷம் பொய் சொன்னவருக்கு நான் ஒரே ஒரு பொய் சொல்லக் கூடாதா? சாவி அவர் கைக்குத் திரும்பிவிடுமே!

"இல்லங்க. இன்னும் இருக்கு."

அவர் வருத்தப்படவில்லை. "நல்லவேளை சொன்னே. நீ போயிடுச்சுன்னா நான் நம்பியிருப்பேன்" என்றார். புகைக்குழாயின் அடிப்பக்கத்தில் பழைய ஆயில் அப்பியிருந்தது. சூடு தணியக் காத்திருந்து அதையும் துடைத்தெடுத்தார். இன்னொரு சுற்றுப் போய் வந்தோம். நான் முகர்ந்தேன், நம்பாமல் மாதங்கியும் முகர்ந்தாள். ஒன்றும் இல்லை.

அவள் சாவியை என் கையில் வைத்தாள். "இது உங்கிட்டயே இருக்கட்டும்மா. நீ பக்கத்துல இல்லாம அப்பா வண்டியை எடுக்கக் கூடாது."

அவர் கைத் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "இவ இல்லாம நான் எங்கேடி போயிருக்கேன்?"