யட்டியாந்தோட்டையில் மூவர் விட்ட ட்ரோன்

ஆராய்ச்சிக் குழுவுக்கு மொழிபெயர்க்கப் போனவர்களுக்குத் தெரியும்: பேசுகிறவருக்கும் விளங்காது, கேட்கிறவருக்கும் விளங்காது, நடுவில் நிற்கிற நாம்தான் விளங்கியதுபோல் தலையாட்ட வேண்டும்.

என்ன வேலை?

நம்ம ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்று, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, ட்ரோன் செய்யும் கம்பனி ஒன்று. மூன்றும் கூட்டுச் சேர்ந்து, மழையிலும் பனியிலும் மலைமேல் ட்ரோன் எப்படிப் பறக்கிறது என்று பார்க்க யட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றுக்கு வந்தன. பொறியியலாளர் நுவன் சேர் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து நீளமாக விளக்கினார். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. "மெஷின் நல்லாப் பறக்குதான்னு பார்க்க வந்திருக்காங்க" என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்களிடம் சுருக்கிச் சொன்னேன். இறப்பர் பால் வெட்டுகிற செல்வி அக்கா கேட்டார்: "அப்ப, எங்க லயத்தப் பார்க்க வரலையா?"

யாருடையது?

மறுநாள் மழையில் ட்ரோன் தேயிலைச் செடிமேல் விழுந்தது. எங்கள் பொருள், தொடாதே என்றது கம்பனி. நனையவிடாமல் உடனே எடு என்றது பல்கலைக்கழகம். மென்பொருள் கொடுத்த வெளிநாட்டாருக்கோ அது தூங்கும் நேரம். யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல் ட்ரோனுக்குக் குடை பிடித்துவிட்டு நான் நனைந்தேன். அந்த வழியே வந்த காவல்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மூணு பேருக்குச் சொந்தமான மாட்டுக்கு ஒருத்தரும் புல்லு வெட்ட மாட்டாங்க, மிஸ்."

வெடிப்பா, பாதையா?

சில நாள் அடைமழை. கொஞ்சம் விட்டபோது பறக்கவிட்டோம். லயத்துக்கு மேலே மண்ணில் நீளமாய் ஒரு கோடு திரையில் தெரிந்தது. "வெடிப்பா சேர்?" என்றேன். "பழைய பாதையாகவும் இருக்கலாம். நான் மண் படித்தவன் இல்லை" என்றார். படத்தை வெளியே காட்ட மூன்று தரப்பும் சம்மதிக்க வேண்டுமாம். அவர் முகத்திலும் குழப்பம்தான். ஆனாலும் ட்ரோனைப் பாதியில் இறக்கிவிட்டு, இயற்கை அனர்த்தம் பார்க்கும் அதிகாரிகளுக்கு போன் போட்டார்.

நான் லயத்துக்கு ஓடி, மேலே தெரிந்த கோடு பற்றிச் சொன்னேன். "மண்ணு சரியுமா மிஸ்?" என்றார் செல்வி அக்கா.

"தெரியலக்கா. ஆனா நானா இருந்தா இன்னைக்கு இங்க படுக்க மாட்டேன்."

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் பாடசாலைக்குப் போனார்கள். விடிவதற்குள் லயத்துப் பின்பக்கக் குசினிகள்மேல் மண் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செல்வி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "அவங்க பேசுனது ஒண்ணும் வெளங்கல மிஸ். நீங்க தெரியலன்னு சொன்னதுதான் வெளங்குச்சு."

பெறுபேறு

பிறகு இணையவழிக் கூட்டம். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கம்பனிக்காரர் செருமிக்கொண்டார்: "ரொம்ப சந்தோஷம், ஆனா பாதியில இறக்குன பறப்ப நாங்க தோல்வின்னுதான் பதியணும்."

எது வெற்றி, எது தோல்வி என்று மூன்று மொழியில் கேட்டும் விளங்காமலே சம்பளம் வாங்குகிற வேலை, நம்ம வேலை.