ரெங்கசாமி மாமா எதையும் பூட்டுவதில்லை

மாமா ஊறுகாய்ப் போத்தலின் மூடியைத் திருகி எடுத்துப் பக்கத்திலேயே மல்லாக்க வைத்தார். அடுத்து மைலோ டின். அடுத்து மிளகாய்த்தூள் டப்பா, அலமாரிக் கதவு, தையல் மெஷினின் டிராயர். மருமகன் மறந்துவிட்டுப் போன மடக்குக் குடையின் முன்னால் மட்டும் சற்று நின்றார்.

"குடை மடங்கிக் கெடக்குதே சேது, இதுவும் பூட்டுன கணக்குதானா?"

"இல்ல மாமா. குடை குடைதான்."

"டிகிரி முடிச்சவன் சொல்ற, சரியாத்தான் இருக்கும்" என்று நகர்ந்தவர், இரண்டடி போய்த் திரும்பி வந்து அதையும் விரித்து வைத்தார்.

அவருக்குப் பின்னாலேயே கண்மணி அத்தை ஒவ்வொரு மூடியாகத் திரும்ப மூடிக்கொண்டு வந்தார். "ஒத்திகை முடிஞ்சிருச்சில்ல? தள்ளுங்க, எறும்பு ஏறுது லா."

மகள் பிரமிளா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ரெங்கசாமி மாமாவின் காலைகள் இப்படித்தான் விடிந்தன. பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டால் அந்த வீட்டில் பூட்டு, முடிச்சு, மூடி எதுவும் அடைபட்டுக் கிடக்கக்கூடாது, கிடந்தால் பிள்ளை வரும் வழியும் அடைபட்டுவிடும் என்பது தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மற்றவர்கள் வாசல் கதவையும் பீரோவையும் திறந்து வைத்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். மாமா பட்டியல் வைத்திருந்தார். எழுபத்து மூன்று உருப்படிகள். எழுதிக் கொடுத்தவன் நான்.

வயது அறுபத்து நான்கு. குள்ளம். முன்பு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். இப்போது புக்கிட் ரோத்தான் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். கைலி கட்டினால் இடுப்பில் முடிச்சு விழும் என்பதால், பிரமிளாவுக்கு எட்டாம் மாதம் பிறந்ததும் மாப்பிள்ளை புனிதனின் பழைய பந்தாட்டச் சிலுவார் காற்சட்டைக்கு மாறிவிட்டார். அதற்கு முடிச்சு இல்லை, இலாஸ்டிக்தான். வேனில் ஏறும் பிள்ளைகளின் சப்பாத்துக் கயிறுகளையும் அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டு தாய்மார்கள் சண்டைக்கு வந்த பிறகு விட்டார்.

எங்கள் தாமான் குடியிருப்பில் முதலில் பல்கலைக்கழகப் படியை மிதித்தவன் நான். படித்தது புவியியல். ஆனால் மாமாவுக்குப் பட்டம் என்றால் பட்டம்தான், அதில் பிரசவமும் அடக்கம். ஒருநாள் மாலை என் கைத்தொலைபேசியைச் சுட்டிக்காட்டி, "இதுக்கு நம்பர் அமுக்கித் தொறக்குறியே, அப்ப அதுவும் பூட்டுதானே?" என்று கேட்டார். அன்றிரவே அந்த வீட்டிலிருந்த மூன்று போன்களின் கடவுச்சொற்களும் நீக்கப்பட்டன. ரவாங்கில் அலுவலகத்தில் இருந்த புனிதனுக்கும் தகவல் போனது. "மாப்ள, ஆபீஸ் மேசை டிராயரயும் தொறந்து வச்சிருங்க. ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க."

பிரமிளா ரவாங் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவள். பிள்ளை எந்த வாரம் எந்தப் பழம் அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று சொல்லும் செயலி அவள் போனில் இருந்தது. "இந்த வாரம் பப்பாளிப்பா" என்பாள். கிளினிக்கில் கொடுத்த புத்தகத்தில் ரத்த அழுத்தம், சீனி, ஸ்கேன் எல்லாம் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. அத்தை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என் வயித்துல இருந்தது பப்பாளியா பலாவான்னு யாருக்குத் தெரியும்? ஒம்போதாம் மாசம் வரைக்கும் உதிரிப்பழம் பொறுக்குனேன். குனிய முடியாமப் போன அன்னிக்குத்தான் வேல வாங்குற மண்டோருக்கே தெரிஞ்சுது" என்றார்.

மாமாவின் பட்டியலைப் பார்த்துச் சிரிக்கிற எல்லோரையும் போல நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அத்தை அதைச் சொல்லும்வரை. துணி மடித்துக்கொண்டே, விலைவாசி பேசுகிற குரலில் சொன்னார். பிரமிளாவுக்கு முன்னால் ஒரு பையன் இருந்தான். எண்பத்தெட்டில், கடலோரத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில், இரண்டு நாள் வலிக்குப் பிறகு பிறந்தான். அழவில்லை. கழுவித் துடைத்துக் கிடத்திய பிறகுதான் மருத்துவச்சி மூலையிலிருந்த தகரப் பெட்டியைப் பார்த்திருக்கிறாள். பூட்டியிருந்தது. சாவி, டிராக்டர் ஓட்டப் போன மாமாவின் அரைஞாண் கயிற்றில். அவர் வந்ததும் அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாளாம்: "பொட்டியப் பூட்டிட்டுப் போயிட்டியேடா."

"பெட்டியில என்ன இருந்துச்சு அத்தை?"

"என் கல்யாணச் சேலை. வேற என்ன இருக்கும்?"

அன்றிலிருந்து அவர் எதையும் பூட்டியதில்லை. வீட்டுக்குப் பூட்டே கிடையாது. திருடன் ஒருமுறை வந்து, பயந்துபோய் எதையும் எடுக்காமல் போனதாக ஊரில் ஒரு கதை உண்டு.

ஐந்து வருடம் கழித்து அதே லயத்தில் பிரமிளா பிறந்தபோது மாமா லயத்து வீடுகள் பன்னிரண்டையும் திறந்தார். கோழிக்கூடுகளைத் திறந்தார். உரக் கொட்டகையைத் திறந்தார். அதற்குள்ளும் பிள்ளை வராததால், கடல் தண்ணீரைத் தடுக்கும் மதகையும் போய்த் திறந்துவிட்டார். பிள்ளை அழுத சத்தம் கேட்ட நேரத்தில் ஒன்பதாம் நம்பர் காட்டு இளம் பனங்கன்றுகள் முழங்கால் உப்புத் தண்ணீரில் நின்றன. தோட்டத்து ஆபீஸ் கிராணி கொடுத்த எச்சரிக்கைக் கடிதம் இன்றும் பிரமிளாவின் பிறப்புப் பத்திரத்தோடு ஒரே உறையில் இருக்கிறது. அதை என்னிடம் மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், பரிசுப் பத்திரத்தைக் கேட்பது போல.

"எனக்கு வலி, இவருக்குச் சாவி" என்பார் அத்தை. "யாரு அதிகமாக் கத்துனோம்னு லயத்துல கேட்டுப் பாரு."

பள்ளி விடுமுறை வாரம் ஒன்றில், புதன்கிழமை காலை பசியாறிக்கொண்டிருக்கும்போது பிரமிளா, "அப்பா, லேசா இழுக்குது" என்றாள். மாமா தோசையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்.

கிளினிக் நர்ஸ் மிசி சொல்லியிருந்தது இதுதான்: வலி ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் அவசரமில்லை. நேரம் பார்க்கும் வேலை எனக்கு. திறக்கும் வேலை மாமாவுக்கு. ஒன்பது மணிக்குள் எழுபத்து மூன்றும் முடிந்துவிட்டன. கை சும்மா இருக்கவில்லை. வேனின் முன் கதவுகள், பக்கக் கதவு, பின் கதவு, பானெட், எண்ணெய்த் தொட்டி மூடி எல்லாவற்றையும் திறந்து வைத்தார். அது வாசலில் இறக்கை விரித்த வாத்து மாதிரி நின்றது. அப்புறம் வேலியைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு நடராஜாவின் ஆட்டுப்பட்டியைத் திறந்துவிட்டார். பதினான்கு ஆடுகள் ரோட்டுக்கு வந்தன.

"யோவ் ரெங்கசாமி!" நடராஜா துண்டோடு ஓடி வந்தார். "உன் மகளுக்கு வலின்னா என் ஆட்டுக்கு என்னய்யா?"

"ஒரு நாளைக்குத்தானே நடராஜா. பொறந்ததும் நானே புடிச்சுக் கட்டித் தரேன்."

"கட்டுவியா? நீ என்னிக்குய்யா ஒன்னக் கட்டியிருக்க?"

மதியம் பன்னிரண்டரைக்கு வலி ஐந்து நிமிடத்துக்கு வந்துவிட்டது. அத்தை பையை எடுத்தார். நான் பிரமிளாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன். மாமா வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. மறுபடியும் 'டிக்'. காலையிலிருந்து எல்லாக் கதவும் திறந்து கிடந்ததில் உள்விளக்குகள் அத்தனையும் எரிந்து, பழைய பேட்டரி உயிரை விட்டிருந்தது.

தள்ளிப் பார்த்தோம். நானும் மாமாவும் நடராஜாவும் தள்ள, இருபதடிகூடப் போகவில்லை. ஆடுகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஒன்று பக்கக் கதவு வழியாக உள்ளே ஏறி மூன்றாவது சீட்டில் உட்கார்ந்துவிட்டது. தாமானில் மற்ற கார்களெல்லாம் வேலைக்குப் போய்விட்டிருந்தன. என்னிடம் இருந்தது மோட்டார்சைக்கிள். ஆம்புலன்சுக்கு அழைத்தேன், வருகிறோம் என்றார்கள். கிளினிக்குக்கும் அழைத்தேன்.

மாமா வேனின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "நான்தான் தொறந்து போட்டேன்" என்றார். "அன்னிக்குப் பூட்டிட்டுப் போனேன். இன்னிக்குத் தொறந்து போட்டேன்."

"பொலம்புறத அப்புறம் பொலம்பிக்கலாம்" என்றார் அத்தை. "வெந்நீ வைங்க."

முன்னறையில் பாய் விரித்துப் பிரமிளாவைப் படுக்க வைத்தார்கள். அவள் கத்தியதில் பாதி வலிக்கு, பாதி அப்பாவுக்கு. "அந்தக் கதவ மூடித் தொலைங்கப்பா! ரோட்டுல போறவன் எல்லாம் பாக்குறான்!" மாமா கதவை மூடவில்லை. விரித்து வைத்திருந்த குடையைக் கொண்டுவந்து வாசலில் குறுக்காக வைத்தார். குடைக்கு மேலே தெரிந்த இடத்துக்கு நான் வெளியே திரும்பி நின்றபடி போர்வையைத் தூக்கிப் பிடித்தேன். கைகள் மரத்துப்போயின. இதைப் பின்னால் பிரமிளாவே எல்லோரிடமும் நடித்துக் காட்டிச் சிரித்தாள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

"நான் லயத்துல பெத்தேன், நீ தாமான்ல பெக்கப் போற" என்று அத்தை சொல்வது கேட்டது. "இங்க சிமெண்டுத் தரை, அவ்வளவுதான் வித்தியாசம். மூச்ச விடு. செயலியில என்ன பழம்னு போட்டிருக்கான்?"

"தர்பூசணிம்மா…"

"நல்லா வேணும்."

மிசி தன் மோட்டார்சைக்கிளை ஆடுகளுக்கு நடுவில் விட்டுவிட்டு ஓடி வந்தார். குடையைத் தாண்டி உள்ளே போனவர், அடுத்த நொடி, "கெப்பாலா சுடா நம்பாக்!" என்று மலாயில் கத்தினார். தலை தெரிந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்து ஒரு அழுகை கேட்டது. பெண் பிள்ளை. மாமா அடுப்படியில் கொதித்து வற்றிக்கொண்டிருந்த வெந்நீர்ப் பானையின் முன்னால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். போய்த் தோளைத் தொட்டுச் சொன்னேன். "அழுதுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அது முடிவாக இருந்திருக்கலாம். ஆனால் ஊரி, அதான் நஞ்சுக்கொடி, இன்னும் விழவில்லை. "ஊரி பெலும் கெலுவார்" என்று மிசி அத்தையிடம் தணிந்த குரலில் சொன்னார். முகம் மாறியிருந்தது. முப்பது நிமிடம் ஆகியும் விழவில்லை. ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது. தாமான் முனையில் ஆம்புலன்ஸ் சங்கு ஊதியது. ஊதிக்கொண்டே நின்றது. நடராஜா கம்பெடுத்து ஓடி, தன் ஆடுகளைத் திட்டாத திட்டெல்லாம் திட்டி வழி செய்தார்.

பிரமிளாவைத் தூக்குப்படுக்கையில் கிடத்தி வண்டிக்குள் ஏற்றினார்கள். கூட வந்த உதவியாளர் ஒரு தமிழ்ப் பெண், சட்டையில் தனுஜா என்று பெயர் குத்தியிருந்தது. படுக்கையின் பக்கத்தில் தொங்கிய பட்டைகளை அவர் எடுத்தபோது மாமா வண்டிக்குள் ஏறிவிட்டார்.

"போடாதம்மா. ஊரி விழல. அது விழற வரைக்கும் எதையும் பூட்டக்கூடாது."

"அங்கிள், பெல்ட் போடாம வண்டி எடுக்க முடியாது. ரோடு எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

"நான் புடிச்சுக்குறேன். ரெண்டு கையாலயும் புடிச்சுக்குறேன்."

"முடியாது அங்கிள். லேட் ஆகுது."

அத்தை பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்தபடி கீழே நின்றார். மிசி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிரமிளா கண்ணைத் திறந்தாள். உதடு வெளுத்திருந்தது. "அப்பா" என்றாள். "வேற யாரும் வேணாம். நீங்க போட்டு விடுங்க."

மாமா மகளைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். தனுஜாவின் கையிலிருந்து அதை வாங்கினார். முதல் முறை நெஞ்சுப் பட்டையின் கொக்கி வாயில் படவில்லை. இரண்டாம் முறை செருகி அழுத்தினார். 'கிளிக்' என்றது. இடுப்புக்கு ஒன்று. காலுக்கு ஒன்று. மூன்றும் முடிந்ததும், கழன்று வருகிறதா என்று ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பார்த்தார்.