பாட்டில் கீழே, பிள்ளை மேலே

எழுபதுகளின் தொடக்கத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு சுகாதார நிலையத்தில் நான் கம்பவுண்டர். மாத்திரை, பஞ்சு, ஊசி, பூட்டு எல்லாவற்றையும் இரண்டு தடவை எண்ணாமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டேன். இன்றும் அப்படித்தான், என் சட்டைப் பொத்தான்களைக்கூட எண்ணுகிறேன் என்று மருமகள் சலித்துக்கொள்கிறாள். சலித்துக்கொள்ளட்டும். இந்தக் குணத்தால் ஒரு பிள்ளை பிழைத்தான்.

மீனவக் குப்பத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன், கரையில் கிடந்த படகின் விளிம்பில் நடந்து விளையாடும்போது வழுக்கி, கவட்டில் அடிபட்டு விழுந்தான். சிறுநீர்ப் பாதை கிழிந்துவிட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் அடிவயிற்றில் துளையிட்டு, சிறுநீர்ப்பைக்குள் ரப்பர் குழாய் ஒன்றை வைத்தார்கள். அதன் மறுமுனை ஒரு கண்ணாடி பாட்டிலில். உள்ளே புண் ஆற மூன்று மாதம் ஆகும், அதற்குப் பிறகுதான் பாதையைச் சரிசெய்யும் ஆபரேஷன் என்றார்கள். அதுவரை குழாய் அடைக்கக் கூடாது, சீழ் பிடிக்கக் கூடாது. பிடித்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும்; விஷம் சிறுநீரகத்துக்கு ஏறினால் பிள்ளையே தங்காது.

ஆஸ்பத்திரியிலேயே இருக்கலாம் என்றால், தாய்க்கு வீட்டில் கைக்குழந்தை. தகப்பன் ஏரிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா என்று எங்கள் டாக்டர் என்னைக் கேட்டார். தினமும் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழாயைத் தொட வேண்டும், பாட்டிலை வெந்நீரில் அலச வேண்டும், குழாய் மடங்கக் கூடாது, பையன் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். தாயைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

"இன்னா சார், நான் இன்னா இஸ்கோலு புள்ளையா? மூணு வாட்டி ஒப்பிச்சுட்டேன்."

"நாலாவது வாட்டி எனக்காகச் சொல்லும்மா."

மறுநாள் சைக்கிளில் போனேன். பையன் பாயில் முனகிக்கொண்டிருந்தான். அடிவயிறு உப்பியிருந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டே என் கண் போயிற்று, மேலே, இன்னும் மேலே. பாட்டில் கூரைக் கழியில் வலைக்கயிற்றால் கட்டப்பட்டுத் தொங்கியது. காலி.

மழைக்காலத்தில் அந்தக் குப்பத்து வீடுகளுக்குள் ஏரி வந்துவிடும். அரிசி, உப்பு, புது வலை என்று நனையக் கூடாத எதையும் கூரையில்தான் கட்டுவார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த சாமானையும் அதே மரியாதையோடு தகப்பன் மேலே ஏற்றியிருந்தார்.

"உன் புள்ள அண்ணாந்துக்கினா ஒண்ணுக்குப் போவான்?" என்று கத்தினேன். பாட்டில் கீழே இருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் ஒப்பிக்க வைத்திருக்கவில்லை.

தகப்பன் பாட்டிலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். பையனைத் தூக்கி நிறுத்தி, பாட்டிலை அவன் காலடிக்கு இறக்கினோம். முதலில் சொட்டு, பிறகு தாரை. பையன் முகம் தெளிந்தது. ஆனால் பாயில் படுத்தால் தரையில் வைத்த பாட்டிலின் கழுத்து அவன் வயிற்றுக்கு மேலே நின்றது.

"குழி தோண்டி வைப்போமா?" என்றேன்.

"மொழங்கை ஆழம் தோண்டுனா தண்ணி ஊறிடும் சார். பாட்டிலு மெதக்கும்."

"பாட்டிலை இறக்க முடியாதுன்னா புள்ளைய ஏத்துய்யா."

அவர் வெளியே ஓடினார். படகு பழுதுபார்க்க வைத்திருந்த பலகைகளோடு வந்தார். ஏரியில் வலை கட்ட நடுவது போல மணலில் நான்கு கழிகளை இறுக ஊன்றி, ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகையைக் கட்டினார். நான் ஏறி உட்கார்ந்து, குதித்தும் பார்த்தேன்.

"சாரையே தாங்குது, புள்ளையத் தாங்காதா?" என்றார் தாய்.

பாட்டிலுக்கு ஒரு வலைப்பை பின்னினார்கள். படுக்கையில் அது பலகைக்குக் கீழே தொங்கும். நடக்கும்போது பையன் முழங்காலருகே. ஒரு தம்ளர் சிறுநீர் வெளியேறினால் தாய் ஒரு கிளிஞ்சலை எடுத்து வைப்பார். நான் போனதும் எண்ணுவேன். ஒருநாள் பாதிதான் இருந்தது. குழாய் அடைத்துவிட்டதோ என்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தேன்.

"சின்னது எடுத்து வெளையாடிக்கினு கீது சார். பேஜாராவாதீங்க."

குப்பத்துப் பிள்ளைகள் அவனைப் பாட்டிலுக்காரன் என்று கேலி செய்தார்கள். அவன் அசரவில்லை. "ஒண்ணுக்கு வந்தா நீதான் ஆட்டத்த உட்டுட்டு ஓடணும். எனக்கு வாணாம்" என்றான்.

இரண்டு முறை பட்டணம் போய்க் குழாயை மாற்றிவந்தோம். மூன்றாம் மாத முடிவில் பட்டணத்துப் பெரிய டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குழாயைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். சீழ் இல்லை, சிவப்பு இல்லை. "எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"எங்க ஊட்டுலதான் சார்" என்றார் தாய். குரலில் துளி பணிவு இல்லை. நானும் பக்கத்தில் நிமிர்ந்துதான் நின்றிருந்தேன்.

அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. புண் ஆறிக் குழாயை எடுத்த அன்று நான் போயிருந்தேன். மூன்று மாதத்துக்கு மேலாக ஊரே பார்க்கச் சிறுநீர் கழித்தவன், நர்ஸ் நீட்டிய மூத்திரக் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு எங்களை முறைத்தான்.

"நைனா, அல்லாரும் வெளிய போங்க. கூச்சமா கீது."

மூவரும் திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றோம். காதைத் தீட்டிக்கொண்டோம்.

"கேக்குதா?" என்றார் தாய்.

"கேக்குது, கேக்குது" என்றார் தகப்பன். "படா சவுண்டா கேக்குது."